லோறன்ஸ் டெமோ எடுக்கிறாராம்

என் புருசன் லோறன்ஸுக்குத் தொழில் கத்துவது. நக்கலுக்குச் சொல்லவில்லை. பள்ளிவாசல்துறையில் போட்டுகள் கரைக்கு வந்து மீனை இறக்கியதும் அதை ஏலம் கூறுகிறவர் இவர்தான். சிலாபம் பக்கமிருந்து வரும் சிங்கள முதலாளிமாருக்கு ஒரு தடவை சிங்களத்தில், எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை தமிழில் என்று மூச்சு விடாமல் விலையைக் கூவுவார். மூன்றாம் தரம் என்று சொல்லும்போது மீனுக்குக் காத்திருக்கும் காகங்கள் எழும்பிப் பறக்கும். அந்தத் தொண்டைக்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அதே தொண்டைதான். அவர் என்னிடம் உப்புக் கேட்டால் பக்கத்து வளவிலிருந்து உப்பு வரும்.

இப்படிப்பட்ட மனுசனிடம் ஒரு கிற்றாரும் இருக்கிறது. இளந்தாரியாக இருந்த காலத்தில் முந்தலில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். கலியாண வீடு, திருவிழா, முதல் நன்மை விருந்து, எங்கே கூப்பிட்டாலும் போய் பைலா அடிப்பார்கள். பாடுகிறவன் முன்னால் நின்று தலைமயிரைச் சிலுப்புவான். இவர் பின்னால் ஒரு மூலையில் நின்று கிற்றார் வாசிப்பார். பிறகு பாடுகிறவன் இத்தாலிக்குப் போனான், டிரம்ஸ் அடிக்கிறவன் கட்டாருக்குப் போனான், குழு அத்தோடு கலைந்தது. இவர் மட்டும் மாம்புரியில் என்னைக் கட்டிக்கொண்டு கிற்றாரோடு தங்கிவிட்டார்.

கரை வேலை முடிந்து வந்து, குளித்து, சோறு தின்ற பிறகு பின் விறாந்தையில் இருந்து கிற்றாரை நோண்டுவார். அப்படி நோண்டி நோண்டியே மூன்று பாட்டுக் கட்டியிருக்கிறார். ஒன்று மாதாவுக்கு. ஒன்று காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் இருக்கிறவனுக்கு. மூன்றாவது என்னைப் பற்றியது என்று சொன்னார். அதில் சண்டைக்காரி என்று ஒரு சொல் வருகிறது, வேறு சொல் கிடைக்கவில்லையாம். ஆனால் ஒரு பாட்டையும் இவர் வாய் திறந்து பாடியது கிடையாது. கேட்டால், "நான் கூவுறவன், பாடுறவன் இல்ல" என்பார். மெட்டை விசிலில்தான் அடிப்பார்.

போன வருசம் சவரம் எடுக்கும்போது கழுத்தில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. விழுங்கினால் மேலே போகும், கீழே வரும். கிளினிக்குக்குப் போனோம், ஸ்கான் எடுத்தோம், ஊசி போட்டுப் பார்த்தார்கள். பயப்படுகிற கட்டி இல்லை என்று சொன்னபோது மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஆனால் அது வளர்ந்துகொண்டு வருகிறது, வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். எடுக்கும்போது ஒரு சங்கடம் இருக்கிறதாம். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டிக்கொண்டுதான் போகிறது. அநேகம் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் குரல் கம்மிப் போகலாம், அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே நின்றும் போகலாம்.

"அதுக்குப் பிறகு கத்தலாமா டொக்டர்?" என்று இவர் சிங்களத்தில் கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டார். அவருக்கு இவருடைய தொழில் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் கட்டளை, இந்தக் கதை வெளியில் போகக்கூடாது. பள்ளிவாசல்துறையில் நாங்கள் நம்பியிருப்பது ஜௌபர் நானாவை. கரையில் மீன் நிறுக்கிற வாடியும் அவருடையது, ஏலமும் அவருடையது. "நானாக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே வேற ஆளப் போட்டுருவார்" என்றார் இவர். நான் ஓம் என்றேன். சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, கழுத்தில் ஒரு லேஞ்சியையும் சுற்றிக்கொண்டு கரைக்குப் போகத் தொடங்கினார். அந்த வெயிலில் கழுத்தில் லேஞ்சி. பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்ததோடு இவருக்கு ஒரு விசர் பிடித்தது. மூன்று பாட்டையும் டெமோ எடுக்க வேண்டுமாம்.

"டெமோ என்டா என்ன?"

"பாட்டு இல்ல யூஜினி. பாட்டுக்கு மாதிரி. இன்ன மெட்டு, இன்ன வேகம் என்டு இதுல இரிக்கும். இத வச்சிக்கிட்டு வேற ஆரும் பாடலாம்."

"வேற ஆரு பாடுறதுக்கு?"

"என்ட தொண்ட சரிவராட்டி."

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்த வேகத்துக்கு அது உடையாமல் தப்பியது புதினம். இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, அதற்குள் தொண்டைக்கு மாதிரி எடுத்து வைக்கிறாராம் மனுசன். ஏசினேன். இவர் கேட்டுக்கொண்டே போய் மகளுடைய பழைய லப்டொப்பை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டினார்.

மகள் ஜெனிற்றா இப்போது கட்டுநாயக்காவில் வேலை செய்கிறாள். அவள் படிக்கிற காலத்தில் வாங்கிய லப்டொப் அது. மூடி விழுந்துவிடும், அதனால் பின்னால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுக்க வேண்டும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே வேலை செய்தால் உள்ளே இருக்கும் ஃபேன் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு மாதிரி இரையும். சார்ஜைக் கழற்றினால் சத்தம் இல்லை, ஆனால் ஒரு பாட்டுக்குள் பற்றரி செத்துவிடும். ஆகவே ஒரு தடவை வாசிப்பது, பிறகு சார்ஜ் ஏறும் வரைக்கும் தேங்காய் துருவித் தருவது. அந்த நாட்களில் எனக்கு வீட்டுவேலை குறைந்தது என்பதை மறைக்கக் கூடாது.

மைக் வாங்கவில்லை. போனையே மைக்காக்கினார். அதை ஒரு பழைய சொக்ஸுக்குள் நுழைத்து, கதிரையின் முதுகில் கட்டிவைத்தார். போனில் பிடித்ததை லப்டொப்புக்கு மாற்றி, சும்மா கிடைக்கிற ஒரு மென்பொருளில் அடுக்குவார். முதல் கிற்றாரைக் காதில் கேட்டுக்கொண்டே இரண்டாவது கிற்றாரை வாசிப்பார். இரண்டும் ஒன்றாக விழ வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு தடவையும் தொடங்குவதற்கு முன் கிற்றார்ப் பலகையில் விரலால் ஒரு தட்டு. அந்தத் தட்டையும் இந்தத் தட்டையும் திரையில் நேர்க்கு நேர் இழுத்து வைத்தால் பாட்டும் நேராகிவிடுமாம். இதெல்லாம் யாரோ இந்தியாக்காரப் பையன் வீடியோவில் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பையன் எனக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

ஆனால் கேட்டுப் பார்த்தால் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. அறை எதிரொலிக்கிறது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றேன். இவர் அதைக் காதில் போடவில்லை. வாடியில் மீன் அடைத்து அனுப்பும் ரெஜிபோம் பெட்டிகளில் உடைந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறதே, சத்தத்தைக் குடிக்கும் என்று நினைத்தாராம். எத்தனை தடவை கழுவினார், எவ்வளவு எலுமிச்சம்பழம் தேய்த்தார் என்பது எனக்குத்தான் தெரியும். சுவர் முழுக்க ஒட்டி முடித்தபோது எதிரொலி ஒரு துளியும் குறையவில்லை. பூனைகள் மட்டும் வந்தன. எங்கள் ஒழுங்கையில் இத்தனை பூனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தன, ஒரு பிரசங்கம் கேட்கிற மாதிரி.

வழி கிடைத்தது என் வாயால். மதுரங்குளியில் வாங்கிய தும்பு மெத்தை ஒன்று வீட்டில் இருந்தது. அதை வெயிலில் காயவைத்து உள்ளே கொண்டுவந்து, அந்த அறைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தினேன். சாத்திவிட்டு, பூனை மூத்திரத்துக்காக இவரை ஏசத் தொடங்கினேன். ஏசின சத்தம் எனக்கே திரும்பி வரவில்லை. அப்படியே உள்ளே போய்விட்டது.

இவர் கதிரையிலிருந்து எழும்பினார். "திரும்ப ஏசு" என்றார்.

"என்ன விசரா உங்களுக்கு?"

"மெத்தைக்குக் கிட்ட நின்டு ஏசு. ஓம், அப்படித்தான். இப்ப அந்த மூலைக்குப் போய் ஏசு."

ஒரு பொம்பிளையை அறையின் நான்கு மூலைக்கும் நடத்தி ஏசவைத்துக் கேட்ட புருசன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். கடைசியில் கட்டிலில் கிடந்த மற்ற மெத்தையையும் நிமிர்த்தி, இரண்டுக்கும் நடுவில் கதிரையைப் போட்டார். நாங்கள் பாயில் படுத்தோம். ஆனால் கிற்றார் சத்தம் அப்போதுதான் கிற்றார் மாதிரிக் கேட்டது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பகலில்தான் எடுப்பார். கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டாத நேரம் பார்த்து, வெங்காயத் தோட்டத்துப் பம்பு நிற்கிற நேரம் பார்த்து, பாண் விற்கிற ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு போய் மறைந்த பிறகு, ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு இருப்பார். பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னால் கிற்றாரை மடியில் படுக்கப்போட்டுவிட்டு முடியும் வரைக்கும் சும்மா இருப்பார். வேர்வையில் சாரம் நனைந்துவிடும். இந்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வளவு றஹ்மத் உம்மா வேலிக்கு வந்தார். அவர் ஜௌபர் நானாவின் ராத்தா, கூடப்பிறந்த மூத்த அக்கா. நல்ல மனுசி. வாய் மட்டும் நிற்காது.

"என்ன புள்ள, பட்டப்பகல்ல கதவு ஜன்னலெல்லாம் சாத்திரிக்கி?"

எனக்கு இருந்த எரிச்சலில், "இவர் டெமோ எடுக்கிறார் ராத்தா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ். நல்ல விசயம்தானே. எவ்வளவு காலத்துக்குத்தான் தொண்ட கிழியக் கத்துறது."

தொண்டைக் கதை ராத்தாவுக்கு எப்படித் தெரியும்? கழுத்து லேஞ்சியைப் பார்த்து ஊகித்திருப்பாரோ? மேலே ஒன்றும் கதைக்காமல் உள்ளே வந்துவிட்டேன். இவரிடமும் சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து, ஏலம் முடிகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே இவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. இறங்கி வந்து கதிரையில் இருந்தார். லேஞ்சியைக் கழற்றி முழங்காலில் போட்டார்.

"என்ட இடம் போச்சு யூஜினி. சதீஸ் என்டு ஒருத்தன், உடப்பு ஊர்ப் பொடியன், கையில லவுட்ஸ்பீக்கரோட நிக்கிறான். நானா என்ட முகத்தப் பாக்கல்ல. அவருக்குத் தெரிஞ்சிட்டுது."

"நீங்க கேக்கல்லயா?"

"என்னத்தக் கேக்க. தொண்ட போகப்போறவன ஏலத்துக்கு வைக்க ஏலுமா? அவர்ல பிழை இல்ல."

அவ்வளவு மெதுவாக இவர் கதைத்து நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெதுவான கதையைத் தாங்க முடியவில்லை. குரல் இன்னும் கழுத்துக்குள் சுகமாக இருக்கிறது, அதற்குள் இந்த மனுசன் அதை அடக்கம் செய்துவிட்டார். சட்டையை மாற்றினேன், ஆட்டோவைப் பிடித்தேன், நேரே பள்ளிவாசல்துறை.

வாடியில் ஐஸ் உடைக்கிறார்கள், மீனைத் தராசில் போடுகிறார்கள். ஜௌபர் நானா ஓரமாக நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் சலாம் சொல்லவில்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"நானா, ஒரு மனுசன் சுகமில்லாம இரிக்கிற நேரம் பாத்து அவர்ட இடத்துக்கு ஆள் போடுறது எந்த ஊர் நியாயம்?"

"சுகமில்லயா?" என்றார் நானா. "லொறி எடுக்கிறவனுக்கு என்ன சுகக்கேடு?"

"எந்த லொறி?"

"ஒளிக்காத புள்ள. அவன் டிமோ எடுக்கிறான் என்டு நீதானே ராத்தாட்ட செல்லியிரிக்க. எடுக்கட்டும், வேணாம் என்டு நான் செல்லல்ல. அவனுக்கும் ரெண்டு காசு சேர வேணும்தானே. ஆனா இத்தன வருசம் ஒன்டா நின்டவன் என்னட்ட ஒரு சொல்லுச் செல்லல்லயே. கழுத்துல லேஞ்சியக் கட்டிக்கிட்டு முதலாளி மாதிரி வாறான், போறான். எனக்கு மனசு விட்டுப் போச்சு."

எங்கள் பக்கம் மீன் ஏற்றுகிற அந்தச் சின்ன லொறியை டிமோ பட்டா என்றுதான் சொல்வார்கள். வாய்க்குச் சோம்பலாக இருந்தால் வெறும் டிமோ. பாட்டையும் எடுக்கிறது என்கிறோம், லொறியையும் எடுக்கிறது என்கிறோம், மனுசன் என்ன செய்வான்? கதவைச் சாத்திக்கொண்டு லோறன்ஸ் வீட்டுக்குள் காசு எண்ணுகிறான், டிமோ வாங்கி மீன் வியாபாரத்தில் இறங்கப்போகிறான் என்று துறை முழுக்கக் கதை பரவியிருக்கிறது. றஹ்மத் உம்மா அதற்கு நிறமும் கொடுத்திருக்கிறார். வெள்ளையாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, டெமோ என்றால் என்ன என்று நானாவுக்கு விளங்கப்படுத்தினேன். பாட்டுக்கு மாதிரி என்றேன். மாதிரி எதற்கு என்றார். அப்போது சொல்லத்தான் வேண்டி வந்தது. கட்டியைச் சொன்னேன், நரம்பைச் சொன்னேன், டொக்டர் சிரித்ததைச் சொன்னேன்.

நானா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஒரு மீன் பெட்டியில் இருந்துவிட்டார்.

"இத என்னட்டச் செல்லப்படாதா புள்ள?"

"சொன்னா நீங்க வேற ஆளப் போட்டுருவீங்க என்டு பயந்தார்."

"செல்லாமலே போட்டுட்டனே" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர், "சதீஸ் சும்மா வந்து நிக்கிற ஆள்தான். லோறன்ஸ் என்டைக்கு வாறானோ அன்டைக்கு இவன் போவான்" என்றார்.

"குரல் வராட்டி நானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "வராட்டி என்ன செய்யிற என்டு அப்ப பாப்பம். அவன் வீட்டுல அடுப்பு எரியும். இப்ப துஆ கேப்பம்."

திரும்பி நடக்கும்போது அந்தப் பொடியன் சதீஸ் பின்னால் ஓடிவந்தான். நல்ல பிள்ளை, முகமெல்லாம் வேர்வை. "அக்கா, அவர் கெதியா வரட்டும். எனக்குச் சிங்களத்துல இலக்கம் வருகுதில்ல. ஐந்நூறு என்டு சொல்ல வெளிக்கிட்டு ஐயாயிரம் என்டு சொல்லிப்போட்டன். கரையெல்லாம் சிரிக்குது."

வீட்டுக்கு வந்து இவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். டிமோ என்ற இடத்தில் விளங்கவில்லை, வெள்ளை நிறம் என்ற இடத்தில் விளங்கிவிட்டது. சிரித்தார் பாருங்கள், றஹ்மத் உம்மா வேலிக்கு வந்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பாதி பாரம் இறங்கியது. இருக்கிற பாதி அவருடைய கழுத்துக்குள் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் மூன்று பாட்டையும் போட்டுக் காட்டினார். கிற்றார் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்று மூன்று கிற்றார் வாசித்திருக்கிறார், மூன்று பேர் இருந்து வாசித்த மாதிரி. மெட்டுக்கு விசில். கேட்டு முடித்ததும் நான் கேட்டேன்.

"குரல் எங்க?"

"அது கடைசியாத்தான் போடுறது. பாடுறவன் வந்து போடுவான்."

"தொண்டைக்குப் பயந்துதானே இவ்வளவும் செய்தீங்க. தொண்டையத் தவிர மத்ததெல்லாம் எடுத்து வச்சிருக்கிறீங்க. நான் கிற்றார வச்சி என்ன செய்யிறது?"

"நான் பாடினதில்ல யூஜினி. உனக்குத் தெரியும்."

"எனக்குப் பாட்டு வேணாம். உங்கட குரல் வேணும்."

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. இவர் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார்.

மெத்தைகள் இரண்டுக்கும் நடுவில் இவர். ஒரு மெத்தை வழுக்கி வழுக்கி விழுந்தது. பற்றரியும் குறைந்துகொண்டு வந்தது. நேரம் இல்லை என்று மெத்தைக்குப் பின்னால் நானே நின்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. கிற்றார்ப் பலகையில் ஒரு தட்டுக் கேட்டது. பிறகு பாடினார்.

என்னைப் பற்றிய பாட்டு. கரையில் கூவுகிற குரல் இல்லை அது. தாழ்ந்த குரல், பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரல். அப்படி ஒன்று இந்த மனுசனிடம் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. சண்டைக்காரி என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு மெதுவாகச் சொன்னார். நான் மெத்தையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். சத்தம் வந்தால் பாட்டுக் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு நல்ல குரலை நாளைக்குக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்கப்போகிறோமே என்று இருந்தது.

போட்டுக் கேட்டபோது இரண்டாம் அடியின் முடிவில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது.

"இது ஆரு?"

"பூனை."

"அழிச்சிடவா?"

"உங்கட விருப்பம்."

அழிக்கவில்லை. அதை என் போனுக்கும் அனுப்பிவிட்டார்.

கொழும்பில் ஒப்பரேசன் நடந்த அன்று நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மர வாங்கில் இருந்தேன். கைப்பையில் போன், போனில் அந்தப் பாட்டு. ஜெனிற்றா பக்கத்தில் இருந்து, "அம்மா, அப்பாட பாட்டப் போடுங்களன், கேப்பம்" என்றாள். மாட்டேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. போட்டுக் கேட்டால் குரல் போய்விட்டது என்று நானே ஒப்புக்கொண்டது மாதிரி. மாதிரி எதற்கு, ஆள் இருக்கும்போது? செபமாலையை உருட்டினேன். எத்தனையாவது மணி என்று தெரியாமல் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

பார்க்க விட்டபோது பின்னேரம் ஆகியிருந்தது. கழுத்தில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன். கேட்க வாய் வரவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே அவர். அந்தப் பதிலுக்கு எனக்குப் பயம். தலையணையை நேராக்கினேன், போர்வையை இழுத்துவிட்டேன், நேராக இருந்த போத்தலை இன்னும் நேராக வைத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். முதலில் காற்று மட்டும் வந்தது. விழுங்கிவிட்டுத் திரும்பத் திறந்தார்.

"இன்டைக்குப் பாரைக்கு என்ன விலை போச்சாம்?"

கரகரத்த குரல்தான். சுரண்டின தகரம் மாதிரி இருந்தது. ஆனால் குரல். அவருடைய குரல். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். மயங்கிவிட்டேன் என்று நினைத்து நேர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தார். மயக்கம் ஒன்றும் இல்லை பிள்ளை, சந்தோசம் என்று தமிழில் சொன்னேன். சிங்களத்தில் அந்தச் சொல் எனக்கு அப்போது வரவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார், விளங்கியிருக்க வேண்டும், முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

நரம்புக்கு ஒன்றும் இல்லை என்றார் டொக்டர். கரகரப்புக் கொஞ்ச நாளில் போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் கத்தலாம். அதுவரைக்கும் தேவைக்கு மட்டும் கதைக்கச் சொன்னார். நான் ஜௌபர் நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மறுபக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் சொன்னதும், அதற்குப் பின்னால் சதீஸ் கத்தியதும் கேட்டது. அவனுக்கு அவனுடைய நிம்மதி.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று புத்தளம் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் பக்கத்தில் அவரை இருத்தி, கழுத்துக்குக் காற்றுப் படாமல் என் முந்தானையால் மறைத்தேன். பஸ் வெளிக்கிட்டதுமே தொடங்கிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பருப்பில் உப்பில்லாததைச் சொன்னார். மூன்று பாட்டையும் இனி முதலிலிருந்து, குரலோடு, திரும்ப எடுக்க வேண்டும் என்றார், கூடவே எந்த இடத்தில் எந்தக் கிற்றார்க் கோர்ட் பிழை என்றார். நீர்கொழும்பு தாண்டியது, சிலாபம் தாண்டியது, மனுசன் நிறுத்தவில்லை. டொக்டர் சொன்னது எனக்கு நினைவு இருந்தது. ஆனால் அந்தக் கரகரப்பு என் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். தேன் மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

முந்தலில் பஸ் நின்றது. கடலைக்காரன் ஏறினான். இவர் அவனிடம் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு, இந்த விலைக்கு இந்தளவு கடலையா என்று தொடங்கி, அவனுடைய ஊர், தகப்பன் பெயர், தகப்பன் எந்தப் போட்டில் போனவர் என்று விசாரித்து, அவன் இறங்கிப் போன பிறகு அந்தத் தகப்பனுடைய கதையை என்னிடம் சொல்ல வெளிக்கிட்டார். எனக்குத் தலை இடித்தது.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்களன், ஆண்டவரே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. கட்டி வந்த நாளிலிருந்து இந்த மனுசனிடம் வாயை மூடு என்று சொல்ல எனக்கு நாக்கு வந்ததில்லை. அவருக்கும் விளங்கிவிட்டது. கடலைச் சுருளை என் கையில் தந்துவிட்டுச் சிரித்தார், சத்தமாக, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி.

மாம்புரி வரும் வரைக்கும் வாயை மூடவேயில்லை.